பிக்கப் வண்டியில் பிரேக் ஏர் எடுப்பது: வீட்டில் செய்ய எந்த முறை சரி?

பெடலை மிதித்தால் பஞ்சு மாதிரி அமுங்குகிறது. இன்னொரு தடவை மிதித்தால்தான் பிடிக்கிறது. பட்டறையில் காட்டினால் "ஏர் பிடிச்சிருக்கு, எடுத்துடலாம்" என்பார்கள், அதாவது பிரேக் ஆயில் ஓடும் பைப்பில் காற்று புகுந்திருக்கிறது, அதை வெளியேற்ற வேண்டும். பெரிய வித்தை ஒன்றும் இல்லை, வாசலில் வைத்தே செய்யக்கூடிய வேலைதான். ஆனால் எப்படிச் செய்வது என்று தேடினால் ஆளுக்கொரு முறை சொல்கிறார்கள்: ரெண்டு பேர் சேர்ந்து பெடல் அடிப்பது, தானாக ஒழுகவிடுவது, பாட்டிலும் டியூபும், பிரஷர் பம்ப், வேக்யூம் பம்ப், சிரிஞ்ச். எல்லாமே காருக்குச் சொன்னவை. பொலேரோ பிக்கப், தோஸ்த் மாதிரி லோடு வண்டிகளில் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம், நடுவில் லோடுக்குத் தகுந்தபடி பின் பிரேக்கைக் கூட்டிக் குறைக்கும் ஒரு வால்வு. இந்த மூன்றும் சேர்ந்ததால் காரில் நன்றாக ஓடும் ஒரு முறை இங்கே காலை வாரிவிடும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். உதவிக்கு ஓர் ஆள் இருந்தால், சக்கரத்துக்குப் பத்து நிமிடம் தானாக ஒழுகவிட்டு, பிறகு ரெண்டு பேர் முறையில் முடிப்பதுதான் வீட்டுக்குச் சரி. தனி ஆள், அதுவும் அடிக்கடி செய்பவர் என்றால் பிரஷர் பம்ப். பின்பக்க டிரம்முக்காக வேக்யூம் பம்ப் வாங்குவது காசைக் கரியாக்குவது. ஏன் என்பதைக் கீழே பார்க்கலாம்.

முதலில், அது ஏர்தானா?

மூன்று தடவை ஏர் எடுத்தும் பெடல் சரியாகவில்லை என்று வருகிற வண்டிகளில் பலவற்றில் ஏரே இருக்காது. பாட்டில் பாட்டிலாக ஆயிலைக் கொட்டுவதற்கு முன் ஐந்து நிமிடம் இதற்குச் செலவழியுங்கள்.

பெடல் கீழே வரைக்கும் போகிறது, ஆனால் போய் நிற்கும் இடத்தில் கெட்டியாக நிற்கிறது என்றால் அது டிரம்மை உள்ளிருந்து பிடிக்கும் பின் ஷூ தேய்ந்து டிரம்மிலிருந்து விலகியிருப்பது. ஹேண்ட்பிரேக் பின் டிரம்மில் வேலை செய்கிற வண்டியாக இருந்தால், அதை நன்றாக இழுத்துவிட்டுப் பெடலை மிதித்துப் பாருங்கள். ஹேண்ட்பிரேக் இழுத்ததும் பெடல் மேலே வந்துவிட்டால் ஷூவை அட்ஜஸ்ட் செய்ய வேண்டும், ஏர் எடுக்க வேண்டியதில்லை. அட்ஜஸ்டரைத் திருகிச் சக்கரம் லேசாக உரசும் வரை கொண்டுவந்து, உரசல் நிற்கும் அளவுக்குப் பின்னால் தளர்த்தினால் போதும்.

பெடலை ஒரே அழுத்தமாக அரை நிமிடம் பிடித்திருங்கள். மெல்ல மெல்லக் கீழே இறங்கினால் எங்கேயோ ஆயில் ஒழுகுகிறது, இல்லையென்றால் மாஸ்டர் சிலிண்டருக்குள் (பெடலை மிதித்ததும் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் உருளை) கப் வாஷர் என்னும் ரப்பர் தேய்ந்து ஆயில் உள்ளுக்குள்ளேயே திரும்பிப் போகிறது. இதற்கும் ஏர் எடுப்பது மருந்தல்ல.

மலையிறங்கும்போது மட்டும் பெடல் செத்துப்போய், வண்டி ஆறியதும் பழையபடி ஆகிறதா? கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை லோடோடு இறங்கும் வண்டிக்கு இது நடக்கும். ஆயில் ஈரத்தை உறிஞ்சிப் பழசாகி, காலிபரில் (முன் டிஸ்கைப் பேட்டால் கவ்விப் பிடிக்கும் பகுதி) கொதித்து ஆவியாகியிருக்கிறது. இங்கே வெறும் ஏரை மட்டும் எடுத்தால் போதாது. ஆயில் முழுவதையும் மாற்ற வேண்டும்.

உண்மையிலேயே ஏர் இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. பிரேக் ஆயில் டேங்க் மூடியைத் திறந்து, வாயை ஒரு கண்ணாடி பாலிதீன் கவரால் தளர்வாக மூடுங்கள். உள்ளே ஓர் ஆள் பெடலை வேகமாகப் பத்துத் தடவை அடித்து, கடைசி அடியில் பிடித்து, சட்டென்று காலை எடுக்கட்டும். ஏர் இருந்தால் அழுத்தப்பட்ட காற்று ஆயிலைப் பின்னால் தள்ளி, டேங்கில் குபுக்கென்று ஊற்றுப் போல எழும்பும். ஏர் இல்லாத வண்டியில் லேசான சுழிப்போடு நின்றுவிடும். கவர் இல்லாமல் எட்டிப் பார்க்காதீர்கள். பிரேக் ஆயில் கண்ணில் பட்டால் எரிச்சல் தாங்காது.

இன்னொன்று: வெறும் பேட் மாற்றியதற்கு ஏர் எடுக்கத் தேவையே இல்லை. பைப்பையோ நிப்பிளையோ (ஏரை வெளியே விட ஒவ்வொரு சக்கரத்தின் பிரேக்கிலும் உள்ள சின்னத் திருகாணி) திறக்காதபோது காற்று எங்கிருந்து வரும்? பேட் மாற்றிய பிறகு பெடல் தரைக்குப் போவது, உள்ளே தள்ளிய பிஸ்டன் இன்னும் வெளியே வராததால். வண்டியை நகர்த்தும் முன் நாலைந்து தடவை மிதித்தால் ஏறிவிடும்.

எந்த முறையானாலும் இவை மாறாது

டேங்க் மூடியில் டாட் 3 என்றோ டாட் 4 என்றோ பொறித்திருக்கும். புது ஆயிலாக இருக்கும்போது டாட் 3-இன் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ், டாட் 4-க்கு 230. ஈரம் ஏறிய பிறகு இவை 140, 155 என்று இறங்கிவிடும். டாட் 3 கேட்கும் வண்டியில் டாட் 4 ஊற்றலாம். டாட் 4 வண்டியில் டாட் 3 ஊற்றக் கூடாது. டாட் 5 என்று தனியாக வருவது சிலிக்கான், இவற்றோடு கலக்கவே கூடாது. டாட் 5.1 வேறு, அது டாட் 4-இன் இனம்தான். எண்ணைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

ஏர் மட்டும் எடுக்க அரை லிட்டர், ஆயில் முழுவதும் மாற்ற ஒரு லிட்டர். சீல் உடைக்காத டப்பாவாக இருக்கட்டும். போன வருஷம் திறந்து அலமாரியில் வைத்த பாதி டப்பா, திறந்த நாளிலிருந்தே ஈரத்தைக் குடித்துக்கொண்டிருக்கிறது.

பட்டறைப் பழக்கம் ஒன்றை இங்கே விட்டொழிக்க வேண்டும்: டேங்க் மூடி, ரப்பர், பார்ட்ஸ் எல்லாவற்றையும் டீசலில் அலசுவது. டீசல், என்ஜின் ஆயில், கிரீஸ் எது பட்டாலும் பிரேக் சிஸ்டத்தின் ரப்பர் ஊதிப்போகும். கொஞ்சம் டீசல் டேங்கில் கலந்தாலும் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து, டிரம்முக்குள் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டர் வரை அத்தனை கப்பையும் ஹோஸையும் மாற்ற வேண்டிவரும். துடைக்கப் பஞ்சில்லாத சுத்தமான துணி, கழுவ பிரேக் கிளீனர், அவ்வளவுதான். பெயின்டில் ஆயில் சிந்தினால் துடைக்காதீர்கள். உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். துடைத்தால் இன்னும் பரவிப் பெயின்ட் உரியும்.

அடுத்து நிப்பிள். எட்டு வருஷம் சேற்றிலும் மழையிலும் ஓடிய வண்டியில் நிப்பிள் இறுகிப் போயிருக்கும். அது உள்ளே துளையுள்ள ஆணி, திருகினால் முறிந்துவிடும். முந்தின நாள் இரவே கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துரு இளக்கும் ஸ்பிரே அடித்து விடுங்கள். மறுநாள் ஆறுமுனை பாக்ஸ் ஸ்பேனர் வைத்து, ஒரு சின்னச் சுத்தியலால் ஸ்பேனரின் பிடியை டொக் டொக்கென்று தட்டுங்கள். முதலில் ஒரு நூலளவு இறுக்கும் பக்கம் திருப்பி, பிறகு தளர்த்துங்கள். ஓபன் ஸ்பேனர் வைத்தால் முனை மழுங்கிவிடும், பிறகு வைஸ் கிரிப்தான் கதி. எல்லா நிப்பிளும் திறக்கிறது என்று உறுதியான பிறகே வேலையை ஆரம்பியுங்கள். மூன்றாவது சக்கரத்தில் முறிந்தால் வண்டி அங்கேயே நிற்கும்.

டியூபுக்கு மீன் தொட்டிக்கு விற்கும், உள்ளே தெரியும் பிளாஸ்டிக் டியூபே போதும், நிப்பிள் முனையில் இறுக்கமாக உட்காரும். ஒரு மீட்டர் நீளம். பாட்டிலில் ஒரு அங்குல உயரத்துக்குப் புது ஆயில் ஊற்றி, டியூபின் நுனி அதில் மூழ்கியிருக்க வேண்டும்.

வரிசை: மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தூரத்தில் உள்ளதில் ஆரம்பித்து, கிட்டத்தில் முடிக்க வேண்டும். ஸ்டியரிங் வலதுபக்கம் உள்ள நம்மூர் வண்டியில் பெரும்பாலும் இடது பின், வலது பின், இடது முன், வலது முன். வண்டியின் கையேடு வேறு வரிசை சொன்னால் அதுதான் சரி.

இப்போது அந்த வால்வு. பின் ஆக்சிலுக்குச் சற்று முன்னால் சேஸிஸில் ஒரு சின்ன இரும்புக் கட்டி, அதிலிருந்து ஒரு கம்பியோ ஸ்பிரிங்கோ ஆக்சிலுக்குப் போகும். எல்.எஸ்.பி.வி. என்பார்கள். லோடு ஏறி வண்டி அமுங்கினால் கம்பி தள்ளி வால்வு பின் பிரேக்குக்கு அதிக அழுத்தம் விடும். காலியாக இருந்தால் குறைத்துவிடும், பின் சக்கரம் லாக் ஆகாமல் இருக்க. சேஸிஸில் ஜாக்கி வைத்துத் தூக்கினால் ஆக்சில் கீழே தொங்கும். வால்வுக்கு அது "காலி வண்டி, அதைவிடக் காலி" என்று தெரியும். பின்னால் போகும் அழுத்தத்தை நன்றாக வெட்டிவிடும். பெடல் அடித்து அடித்துக் கால் வலிக்கும், பின்னால் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். அதனால் ஜாக்கியையும் ஸ்டாண்டையும் ஆக்சிலின் அடியில் வையுங்கள், சேஸிஸில் அல்ல. இல்லையென்றால் சக்கரத்தோடு தரையிலேயே நிறுத்தி அடியில் படுத்துச் செய்யுங்கள். பிக்கப்பின் உயரத்துக்கு அது முடியும். வால்விலேயே தனி நிப்பிள் இருந்தால் அதையும் விடாதீர்கள். கம்பியின் நட்டை மட்டும் தளர்த்தாதீர்கள், அந்த அளவு தப்பினால் லோடு ஏற்றியபோது பின் பிரேக் பிடிக்காது.

என்ஜின் ஆஃப். பூஸ்டரில் (பெடல் மிதிக்கக் கைகொடுக்கும் வேக்யூம் டப்பா) உள்ள வேக்யூம் தீரும் வரை பெடலை ஏழெட்டுத் தடவை மிதித்துவிடுங்கள். முன் சக்கரங்களுக்குக் கட்டை. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகக் கூடாது.

ரெண்டு பேர் முறை

மற்ற எல்லா முறையும் இதற்கு ஈடு கொடுக்கப் பார்ப்பவைதான். இதன் பலம் என்ன என்பது ஒரு சின்னக் கணக்கில் தெரியும். பின் சக்கரம் வரை போகும் பைப்பின் உள்விட்டம் சுமார் 3 மி.மீ. நாலு மீட்டர் நீளம் என்று வைத்தாலும் அதற்குள் இருப்பது 30 மில்லி ஆயில்கூட இல்லை. ஒரு அங்குல விட்டமுள்ள மாஸ்டர் சிலிண்டரில் பிஸ்டன் 15 மி.மீ. நகர்ந்தால் ஏழெட்டு மில்லி வெளியே போகும். அதாவது நாலைந்து மிதியில் பைப் முழுக்கப் புது ஆயில். அளவு பிரச்சினையே இல்லை, வேகம்தான் பிரச்சினை. பைப் ஆக்சிலைத் தாண்ட மேலே வளைந்து இறங்கும் இடத்தில் காற்றுக் குமிழி உச்சியில் ஒட்டிக்கொண்டிருக்கும். மெதுவாக ஓடும் ஆயில் அதன் அடியில் நழுவிப் போய்விடும். வேகமாக வரும் ஆயில்தான் அதை இழுத்துக்கொண்டு வெளியே தள்ளும். காலின் அழுத்தம் அந்த வேகத்தைத் தருகிறது.

செய்முறை: நிப்பிளில் முதலில் ரிங் ஸ்பேனரைக் கோர்த்து, அதன் மேல் டியூபை மாட்டுங்கள்; மாற்றிச் செய்தால் ஸ்பேனர் நுழையாது. பிறகு எல்லாம் வாய்ச்சொல்தான். கீழே இருப்பவர், "தம்பி, மெதுவா மூணு அமுக்கு, பிடி." மேலே இருப்பவர், "பிடிச்சிருக்கேன்ண்ணே." அந்தப் பதில் வந்த பிறகே நிப்பிளைக் கால் சுற்றுத் திறக்க வேண்டும். டியூபில் ஆயில் சீறும், பெடல் கீழே இறங்கும். இறங்கி முடிவதற்குள் நிப்பிளை மூடிவிட்டு, "மூடியாச்சு, விடு." இந்த 'விடு' வருவதற்கு முன் கால் எழும்பினால் வெளிக்காற்று நிப்பிளின் மரை வழியாக உள்ளே போய்விடும். இதில் வரும் கோளாறு பத்தில் ஒன்பது இந்த ஒரு இடத்தில்தான். பேச்சில் குழப்பம், வேலையில் குழப்பம்.

இரண்டாவது ஆபத்து மாஸ்டர் சிலிண்டருக்கு. தினமும் ஓட்டும்போது பிஸ்டன் பாதித் தூரம்தான் போய்வரும். அதற்கு அப்பால் உள்ள சுவரில் பல வருஷத்து அழுக்கும் துருவும் படிந்திருக்கும். நிப்பிளைத் திறந்துவிட்டுப் பெடலைத் தரை வரை மிதித்தால் கப் வாஷர் அந்தச் சொரசொரப்பில் போய் உரசிக் கிழியும். ஏர் எடுக்கும் முன் நன்றாக இருந்த மாஸ்டர், எடுத்த மறுநாள் பெடல் இறங்க ஆரம்பிப்பது இதனால்தான். பெடலுக்கு அடியில் தரையில் ஒரு மரக்கட்டை வைத்து, பாதிக்குச் சற்று மேல் போகாமல் தடுத்துவிடுங்கள். காசில்லாத காப்பீடு.

வேகவேகமாக அடிப்பதும் கூடாது. மோர் கடைவது போல் அடித்தால் ஒரு பெரிய குமிழி நூறு பொடிக் குமிழியாக உடைந்து ஆயிலில் கலந்துவிடும், அது அடங்க மணிக்கணக்கு ஆகும்.

எட்டு மிதிக்கு ஒருமுறை டேங்கைப் பாருங்கள். டேங்க் காலியாகி மாஸ்டர் காற்றைக் குடித்துவிட்டால் முதலிலிருந்து ஆரம்பம், ஏ.பி.எஸ். (சக்கரம் லாக் ஆகாமல் தடுக்கும் மின்னணு அமைப்பு) உள்ள வண்டியில் அந்தக் காற்று அதன் யூனிட்டுக்குள் போய்விட்டால் ஸ்கேனர் வைத்து மோட்டாரை ஓட்டித்தான் எடுக்க முடியும், வீட்டு வேலை அங்கே முடிந்தது. சில வண்டிகளில் கிளட்சுக்கும் இதே டேங்கிலிருந்துதான் ஆயில் போகிறது என்பதையும் நினைவில் வையுங்கள்.

தானாக ஒழுகவிடுவது

நிப்பிளைத் திறந்து, டியூபை மாட்டி, டேங்க் மூடியைத் தளர்த்திவிட்டு டீ குடிக்கப் போகலாம். டேங்குக்கும் நிப்பிளுக்கும் உயர வித்தியாசம் முக்கால் மீட்டருக்குள்தான், அதாவது தள்ளும் அழுத்தம் சுமார் ஒரு பி.எஸ்.ஐ. அளவுதான் தேறும். அதனால் பைப்பின் வளைவில் ஒட்டிய குமிழியை இது அசைக்காது. ஆனால் காலிபருக்குள் இருக்கும் காற்று தானே மேலேறி நிப்பிளுக்கு வந்துவிடும், முன் சக்கரத்துக்கு இது போதும். மாஸ்டருக்கும் எந்தச் சேதமும் இல்லை. புதுக் காலிபரோ வீல் சிலிண்டரோ மாட்டியிருந்தால், வெறுமையாக இருப்பதை நிரப்ப இதைவிடச் சுலபமான வழி கிடையாது. முடிக்கும் வேலைக்கு இது ஆகாது. ஆரம்பிக்கும் வேலைக்கு நல்லது. சொட்டுகூட வரவில்லை என்றால் ஹோஸ் உள்ளுக்குள் ஊதி அடைத்திருக்கலாம், அல்லது பெடலின் ராடு முழுதாகத் திரும்பாமல் மாஸ்டரின் துளை மூடியிருக்கலாம். அந்த வகையில் இது ஒரு சோதனையும்கூட.

பாட்டிலும் டியூபும், தனி ஆள்

டியூபை நிப்பிளுக்கு மேலே ஓர் அடி உயர்த்தி வளைத்து, பிறகு பாட்டிலுக்குள் இறக்குவது. காலை எடுக்கும்போது திரும்ப உறிஞ்சப்படுவது டியூபில் நிற்கும் ஆயில்தான், காற்றல்ல. நிப்பிளை ஒவ்வொரு முறையும் மூடாமல் ஒரே ஆள் பெடல் அடிக்கலாம் என்பது வசதி. குறை, மரை. தளர்ந்த நிப்பிளின் மரை வழியாகத் திரும்பு உறிஞ்சலில் கொஞ்சம் காற்று போகும். கால் சுற்றுக்கு மேல் திறக்காமல் இருந்தால் குறையும், நிற்காது. ஒன்வே வால்வு உள்ள நிப்பிளாக மாற்றிவிட்டால் இந்தத் தொல்லை போய்விடும், அதன் மரையில் பிசின் பூசியே வரும். ஆனால் உங்கள் வண்டியின் மரை அளவும் நீளமும் சரியாகப் பொருந்த வேண்டும். கண்ணளவில் வாங்கி இறுக்கினால் காலிபரின் மரை போய்விடும்.

பிரஷர் பம்ப்

ஆயில் டேங்கின் வாயில் ஒரு மூடியை இறுக்கி, அதன் வழியே காற்றழுத்தம் கொடுத்து, கீழே ஒவ்வொரு நிப்பிளாகத் திறந்து மூடுவது. பெடலைத் தொடவே வேண்டாம், மாஸ்டரின் கப்புக்கு ஆபத்தில்லை, உதவியாள் வேண்டாம். ஆயில் ஒரே திசையில் நிற்காமல் ஓடுவதால் மரை வழியாகக் காற்று உள்ளே வர வாய்ப்பே இல்லை. 10 முதல் 15 பி.எஸ்.ஐ. போதும். 20-ஐத் தாண்டக் கூடாது. டேங்க் மாஸ்டரின் மேல் வெறும் ரப்பர் வளையத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது, பிய்த்துக்கொண்டு வரும். டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரசரை நேராக மாட்டினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

தோட்டத்துக்கு மருந்தடிக்கும் இரண்டு லிட்டர் கைப்பம்பை வைத்தே இதைச் செய்துகொள்ளலாம். பழைய டேங்க் மூடி ஒன்று வாங்கி, நடுவில் துளையிட்டு, ரப்பர் வாஷரோடு ஒரு பைப் முனையைப் பொருத்தி, பம்பின் ஹோஸை அதில் கிளிப் போட்டு இறுக்குங்கள். ஒரு பிரஷர் மீட்டர் கண்டிப்பாக வேண்டும். பம்புக்குள் ஆயில் ஊற்றாமல் காற்றை மட்டும் கொடுப்பது நல்லது, மருந்துப் பம்பின் வாஷர்கள் பிரேக் ஆயிலுக்குச் செய்தவை அல்ல. அப்படிச் செய்தால் 100 மில்லிக்கு ஒருமுறை அழுத்தத்தை இறக்கி டேங்கை நிரப்ப வேண்டும். மருந்தடித்த பழைய பம்பைத் தொடவே வேண்டாம். ஸ்டெப்னி டயரின் காற்றை 15 பி.எஸ்.ஐ.க்கு இறக்கி அதிலிருந்து எடுக்கும் கிட்டும் உண்டு. வேலை செய்யும்; ஆனால் லோடு வண்டியின் ஸ்டெப்னியில் மறுபடி காற்றடிக்க யார் மறக்காமல் இருப்பார்கள்?

ஓர் இடத்தில் இது பெடலுக்குத் தோற்கும். பின் வீல் சிலிண்டரின் பிஸ்டன் ஓரத்தில் ஒட்டிய குமிழியை அசைக்க, பிஸ்டன் சற்று நகர வேண்டும்; நிப்பிள் திறந்திருக்கும்போது பிரஷர் பம்ப் அதை நகர்த்தாது. அதனால் பின் சக்கரங்களுக்கு மட்டும் கடைசியில் மூன்று தடவை ரெண்டு பேர் முறையில் பெடல் அடித்துவிடுவது நல்லது.

வேக்யூம் பம்ப்

ஆன்லைனில் பெட்டியோடு அழகாக வரும் கைப்பம்ப் இதுதான். நிப்பிளிலிருந்து உறிஞ்சி எடுப்பது. பாதரசத்தில் 20 அங்குலம் உறிஞ்சினாலும் 10 பி.எஸ்.ஐ. அளவு இழுப்புதான், அதற்கு மேல் ஏறுவது கஷ்டம். முழு வேக்யூமே 15 பி.எஸ்.ஐ.க்குள்தான், இயற்கையே போட்ட எல்லை அது. ஆனால் அது பெரிய குறையல்ல. இரண்டு குறைகள் உண்டு. ஒன்று, தளர்ந்த நிப்பிளின் மரை வழியாக வெளிக்காற்றையும் சேர்த்து உறிஞ்சும். டியூபில் குமிழி வந்துகொண்டே இருக்கும். உள்ளிருந்து வருகிறதா, மரையிலிருந்து வருகிறதா தெரியாது. அரை லிட்டர் நல்ல ஆயிலைக் காலி செய்துவிட்டுப் பம்பைத் தூக்கியெறிவார்கள். நிப்பிளைச் சுற்றிச் சிலிக்கான் கிரீஸ் தடவினால் ஓரளவு அடங்கும். மரையில் டெஃப்ளான் டேப் சுற்றினால் நுனிக்குப் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், இழை உள்ளே போனால் துளை அடைக்கும்.

இரண்டாவது குறை டிரம் பிரேக்குக்கே உரியது. வீல் சிலிண்டரின் கப் வாஷர், உள்ளிருந்து வரும் அழுத்தத்தில் உதடு விரிந்து சுவரில் ஒட்டும்படி செய்தது. வெளியிலிருந்து உள்ளே வரும் காற்றைத் தடுக்க அல்ல. பலமாக உறிஞ்சினால் உதடு உள்பக்கம் மடங்கி, டஸ்ட் கவர் வழியாகக் காற்று உள்ளே நுழையும். ஏர் எடுக்கப்போய் ஏர் ஏற்றுவது என்பது இதுதான். முன் டிஸ்குக்கும், டேங்கில் உள்ள பழைய கறுத்த ஆயிலை உறிஞ்சி எடுக்கவும் இது நல்ல கருவி. பின்னால் கொண்டுபோகாதீர்கள்.

சிரிஞ்சால் நிப்பிளிலிருந்து மேல்நோக்கித் தள்ளுவது கிளட்ச் சிலிண்டருக்குக் கச்சிதமான முறை. பிரேக்கில், காலிபரின் அடியில் படிந்த அழுக்கை மாஸ்டருக்கும் வால்வுக்கும் ஏற்றிவிடும் என்பதால் பழைய வண்டிக்கு வேண்டாம்.

உங்கள் வண்டிக்கு எது

ஒரு ஹோஸோ காலிபரோ மட்டும் கழற்றியிருந்தால் அந்தச் சக்கரத்தில் மட்டும் பத்து நிமிடம் ஒழுகவிட்டு, ஆறேழு மிதி அடித்தால் வேலை முடிந்தது. நாலு சக்கரத்தையும் திறக்க வேண்டாம். பின் வீல் சிலிண்டர் மாற்றியிருந்தால் ஷூ அட்ஜஸ்ட்மென்ட்டை முதலில் சரிசெய்து, பிறகு ரெண்டு பேர் முறை. மாஸ்டர் சிலிண்டர் புதிது என்றால் வண்டியில் ஏற்றும் முன் அதை வைஸில் பிடித்து, வெளியேறும் துளைகளிலிருந்து இரண்டு குட்டி டியூபை வளைத்துத் திரும்ப டேங்குக்கே விட்டு, பிஸ்டனை மெல்லத் தள்ளித் தள்ளிக் குமிழி நிற்கும் வரை எடுத்துவிட வேண்டும். இதைச் செய்யாமல் மாட்டிவிட்டால் எந்த முறையும் உருப்படாது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்றுவது மட்டும்தான் வேலை என்றால் பிரஷர் பம்பைப் போல் சுத்தமாக முடிப்பது வேறில்லை. இடது பின்னில் 200 மில்லி, மற்றவற்றில் 100 முதல் 150 மில்லி வரை, நிறம் தெளியும் வரை. வீட்டில் இரண்டு மூன்று வண்டி இருந்தால் பம்ப் செய்த காசு முதல் வருஷமே வந்துவிடும். ஒரே வண்டி, கூடத் தம்பியோ மகனோ இருந்தால் மீன் தொட்டி டியூபும் மரக்கட்டையும் போதும்.

எதைச் செய்தும் முன் சக்கரத்தில் ஏர் போகவே மறுத்தால் காலிபரை நன்றாகப் பாருங்கள். இடது, வலது மாற்றி மாட்டியிருந்தால் நிப்பிள் அடியில் இருக்கும். காற்று மேலே தங்கும், நீங்கள் கீழே திறந்துகொண்டிருப்பீர்கள்.

முடித்ததும் நிப்பிளை அளவாக இறுக்குங்கள். 10 நியூட்டன் மீட்டர் அளவுதான் வேண்டும், அதாவது சின்ன ஸ்பேனரில் மணிக்கட்டின் பலம் மட்டும். தோளின் பலம் வேண்டாம். ரப்பர் தொப்பி போடுங்கள், இல்லையென்றால் அடுத்த முறைக்குள் துளைக்குள் சேறு இறுகும். டேங்கை மேல்கோடு வரை நிரப்பி மூடுங்கள். என்ஜினை ஸ்டார்ட் செய்யும்போது மிதித்திருக்கும் பெடல் லேசாக இறங்கும், அது பூஸ்டர் வேலை செய்வது, பயப்பட வேண்டாம். பிறகு பெடலைப் பலமாக அரை நிமிடம் பிடித்திருக்க, இன்னொருவர் நாலு நிப்பிளையும் டார்ச் அடித்துப் பார்க்கட்டும். தெருவுக்குள் நடை வேகத்தில் ஐந்தாறு தடவை நிறுத்திப் பார்த்த பிறகே பெரிய ரோட்டுக்குப் போங்கள், அதுவும் முதல் நாள் லோடில்லாமல்.

எடுத்த பழைய ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள், கழிவு என்ஜின் ஆயில் டப்பாவிலும் கலக்காதீர்கள். தனி பாட்டிலில் மூடி, பெயர் எழுதி, பிள்ளைகளுக்கும் நாய்க்கும் எட்டாமல் வைத்து, கழிவு ஆயில் எடுக்கும் இடத்தில் கொடுங்கள். இரவு வண்டியை நிறுத்தும்போது நாலு சக்கரத்தின் உள்பக்கத்துக்கும் அடியில் ஓர் அட்டைத் துண்டு விரித்துவையுங்கள். காலையில் அட்டை காய்ந்திருந்தால் லோடு ஏற்றலாம்.